சாம்பல் கிளிக்கு மருந்து கேட்கவில்லை என்றால், பூஞ்சை எதிர்ப்பு காட்டுகிறது என்றுதான் பொருளா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு வயது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. முதலில் குரல் கம்மியது, பிறகு மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. எண்டோஸ்கோபியில் காற்றுப்பையில் மஞ்சள் படிவம் தெரிந்து, ஆஸ்பெர்ஜில்லோசிஸ் (ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையால் வரும் சுவாச நோய்) என்று சொன்னார்கள். நான்கு மாதமாக வோரிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கொடுக்கிறீர்கள். முதல் மாதம் தேறியது, இப்போது மறுபடியும் இளைக்கிறது. 'ரெசிஸ்டன்ஸ் வந்திருக்கலாம், மருந்தை மாற்றிப் பார்ப்போம்' என்று மருத்துவர் சொல்கிறார். நடுவில் மருந்து கிடைக்காமல் பத்து நாள் விட்டுப்போனதே, அதனால்தான் வந்ததா என்பது உங்கள் முதல் கேள்வி. வீட்டில் ஆஸ்துமா உள்ள அப்பாவுக்கு இந்தப் பூஞ்சை தொற்றுமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில், இது நாங்கள் இழுத்துவிட்ட வினையா என்ற கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது.

நான் கால்நடை நோயறி ஆய்வுக்கூடத்தில் பல வருடம் பூஞ்சை வளர்த்துப் பார்த்தவன். வந்தவற்றில் பெரும்பகுதி கோழி, கொஞ்சம் புறா, எப்போதாவது கிளி. கிளினிக்கில் உட்கார்ந்து பறவைக்கு மருந்து எழுதுகிறவன் இல்லை. ஆகவே டோஸ் எதுவும் சொல்ல மாட்டேன்; அது உங்கள் மருத்துவரின் வேலை. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியும்.

நேரடியாகச் சொன்னால், நான்கு மாதம் மருந்து கொடுத்தும் குணமாகவில்லை என்பது பூஞ்சை எதிர்ப்புக்குச் சான்று ஆகாது. எதிர்ப்பு என்பது பூஞ்சையை வளர்த்து, மருந்தோடு வைத்து, அளந்து சொல்ல வேண்டிய விஷயம். பறவைகளில் மருந்து கேட்காமல் போவதற்கு அதைவிட அதிகமாகக் காணும் காரணங்கள் உண்டு. ஒருவேளை உண்மையிலேயே எதிர்ப்புத்தான் என்றாலும், அது பத்து நாள் இடைவெளியில் முளைத்திருக்க வாய்ப்பு குறைவு. கிளி மூச்சில் இழுத்த வித்திலேயே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆன்டிபயாடிக் கோர்ஸை முடிக்காவிட்டால் கிருமி பழகிவிடும் என்று நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பூஞ்சைக்கு அந்தக் கதை அப்படியே பொருந்தாது.

முதலில் மருந்து போய்ச் சேரும் இடத்தைப் பார்ப்போம். பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நுரையீரல் விலா எலும்போடு ஒட்டி அசையாமல் இருக்கும். அதிலிருந்து பிரிந்து உடம்புக்குள் பரவியிருக்கும் காற்றுப்பைகள்தான் துருத்தி வேலை செய்கின்றன. பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது பைகள். உள்ளே இழுக்கும் புதுக்காற்றில் ஒரு பெரும்பங்கு நுரையீரலின் வடிகட்டலைப் பார்க்காமலே பின்பக்கப் பைகளுக்கு நேராகப் போய்விடும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்னும் பூஞ்சையின் வித்து 2 முதல் 3 மைக்ரான்தான், எங்கும் நுழையும். பறவையின் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். இந்தப் பூஞ்சை 50 டிகிரியிலும் வளரும், அதற்கு அது பொருட்டே இல்லை. சுவாசப்பாதையில் காவல் காக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் பறவைகளுக்குக் குறைவு. நமக்கு நியூட்ரோஃபில் என்ற ரத்த வெள்ளணு செய்கிற வேலையைப் பறவைகளில் செய்யும் ஹெட்டெரோஃபில்லில் மையலோபெராக்சிடேஸ் என்ற நொதியே இல்லை. அதனால் சண்டை முடிகிற இடத்தில் நீராய் ஓடும் சீழ் வராது, பாலாடைக்கட்டி மாதிரி இறுகிய கட்டி வரும்.

இறந்த பறவையைத் திறந்து பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். கண்ணாடித்தாள் போல மெல்லியதாக இருக்க வேண்டிய காற்றுப்பைச் சுவர் தடித்து, மங்கி, அதன்மேல் காசு அளவில் மஞ்சள்-வெள்ளைத் தட்டுகள் ஒட்டியிருக்கும். சில தட்டுகளின் நடுவில் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் மெத்தென்று பூசணம் பூத்திருக்கும். அங்கே காற்று இருக்கிறது, அதனால் உடம்புக்குள்ளேயே அது வித்து விடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இப்போதைக்கு முக்கியமானது, காற்றுப்பைச் சுவரில் ரத்தக்குழாய்கள் மிகக் குறைவு என்பது. வாய்வழி கொடுக்கும் மருந்து ரத்தத்தில்தான் போக வேண்டும். ரத்தமே அதிகம் போகாத சுவர். அதன்மேல் இறந்த செல்கள் அடுக்கடுக்காக இறுகிய கட்டி. அதன் நடுவில் உயிரோடு பூஞ்சை. ஆய்வுக்கூடத் தட்டில் இந்த மருந்துக்கு உடனே சாகிற பூஞ்சைகூட அந்தக் கட்டிக்குள் மாதக்கணக்கில் வாழ்ந்துவிடும். குரல் மாறியது என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள குரல் உறுப்பில், சிரிங்ஸில், ஒரு கட்டி இருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். முதலில் அங்கே பார்த்தார்களா என்று கேளுங்கள். அந்தக் கட்டியை எண்டோஸ்கோப் வழியாக எடுக்காமல் மருந்தால் மட்டும் கரைப்பது கடினம். பெரிதானால் மூச்சையே அடைத்துவிடும், அதனால் இதில் தாமதம் கூடாது.

அடுத்தது ரத்தத்தில் மருந்தின் அளவு. பறவை மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம், ஆனால் பறவை வளர்ப்பவர்களை அதிகம் எட்டாத விஷயம் இது. வோரிகோனசோல் 2002-இல் மனிதர்களுக்காக வந்த மருந்து. பறவைகளில் அதன் போக்கு இனத்துக்கு இனம் வேறு, ஒரே இனத்தில் ஒரு பறவைக்கும் இன்னொன்றுக்கும் வேறு. சாம்பல் கிளி, புறா, கோழி ஆகியவற்றில் செய்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின: தொடர்ந்து கொடுக்கக் கொடுக்க, கல்லீரல் அந்த மருந்தை உடைக்கும் நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது. அதே டோஸ், முதல் நாள் ரத்தத்தில் இருந்த அளவு சில நாள் கழித்து இருப்பதில்லை. முதல் மாதம் தேறி, பிறகு சரிந்தது என்ற உங்கள் வர்ணனையைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான், எதிர்ப்பு அல்ல. அதற்காக டோஸை நீங்களே கூட்டிவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் இதே மருந்து விஷம். பென்குயின்களில் வோரிகோனசோல் நச்சுத்தன்மை பதிவாகியிருக்கிறது. மனிதர்களில் அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுத்த ரத்தத்தில் லிட்டருக்கு 1 முதல் 5.5 மி.கி. வரை இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். பறவைகளுக்கும் தோராயமாக அதையே வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறார்கள். இந்த ரத்தப் பரிசோதனையைப் பெரிய மனித மருத்துவமனைகள் சிலவற்றில் செய்கிறார்கள். பறவையின் ரத்தம் என்று சொல்லி, எவ்வளவு குறைந்த அளவு போதும் என்று உங்கள் மருத்துவர் முன்கூட்டியே பேசி வைத்தால் நடக்கும்.

மருந்து எந்த வடிவில் போகிறது என்பதும் உண்டு. மாத்திரையைப் பொடித்துச் சர்க்கரைப் பாகில் கலந்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் சகஜம். இட்ராகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தில் இது பெரிய பிரச்சினை. காப்ஸ்யூலுக்குள் இருக்கும் குட்டி மணிகளில்தான் அது உறிஞ்சப்படும் தன்மையே இருக்கிறது. மூலப்பொடியை வாங்கி மருந்துக்கடையில் கலந்து தரும் திரவத்தில் அது இல்லை. கருங்கால் பென்குயின்களில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கலவை மருந்து கொடுத்தவற்றின் ரத்தத்தில் மருந்து இருந்ததாகவே சொல்ல முடியவில்லை. பாட்டிலில் மருந்தின் பெயர் சரியாகத்தான் இருந்தது. இட்ராகோனசோலுக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் இன்னொன்றையும் நினைவுபடுத்துங்கள்: சாம்பல் கிளிகளுக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது பழைய அனுபவம். தீனியை நிறுத்திவிடும், சோர்ந்து உட்கார்ந்துவிடும்.

மூன்றாவது, பூஞ்சையே வேறாக இருக்கலாம். எண்டோஸ்கோபியில் பார்த்து 'ஆஸ்பெர்ஜில்லோசிஸ்' என்று எழுதுவது கட்டியின் தோற்றத்தை வைத்து. உள்ளே இருப்பது ஆஸ்பெர்ஜில்லஸின் எந்த இனம், ஃபியூமிகேட்டஸா, ஃபிளேவஸா, டெர்ரியஸா என்பது வளர்த்தால்தான் தெரியும். டெர்ரியஸ் பிறவியிலேயே ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்துக்கு அசையாது. ஃபியூமிகேட்டஸுக்கு ஃபுளுகோனசோல் வேலையே செய்யாது; இது தெரியாமல் 'பூஞ்சைக்கு மருந்து' என்று அதை வாங்கிக் கொடுத்த கிளிகள் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததுண்டு, உயிரோடு அல்ல. மியூகர் வகைப் பூஞ்சைகளுக்கு வோரிகோனசோல் ஒன்றும் செய்யாது. 2021-இல் கருப்புப் பூஞ்சை என்று நாடே பேசியது அந்த வகையைத்தான். ஆம்போடெரிசின் ஊசிக்கு அலைந்ததும் அதனால்தான். இவையெல்லாம் இயல்பான எதிர்ப்பு. மருந்து கொடுத்ததால் வந்தவை அல்ல, பூஞ்சையின் ஜாதி அப்படி.

இனி நீங்கள் கேட்ட உண்மையான, ஈட்டிய எதிர்ப்புக்கு வருகிறேன். வோரிகோனசோல், இட்ராகோனசோல் போன்ற அசோல் குடும்ப மருந்துகள் எல்லாம் தாக்குவது ஒரே இடத்தை. பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் வேண்டும். அதைத் தயாரிக்கும் ஒரு நொதியை சிப்51ஏ என்ற மரபணு உருவாக்குகிறது. அந்த நொதியில் மருந்து போய் உட்கார்ந்தால் தயாரிப்பு நின்றுவிடும். அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறி மருந்து உட்காரும் குழியின் வடிவம் மாறினாலோ, மரபணுவுக்கு முன்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதி இரட்டித்து நொதி அளவுக்கு மீறி உற்பத்தியானாலோ, மருந்து தோற்றுவிடும். நெதர்லாந்தில் 1998-இல் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்துச் சேமித்திருந்த பூஞ்சையில் இந்த இரண்டும் சேர்ந்து இருந்தன. அதற்கு டிஆர்34/எல்98ஹெச் என்று பெயர். 2009-இல் அங்கேயே டிஆர்46 என்ற இன்னொரு வகை தென்பட்டது. அது குறிப்பாக வோரிகோனசோலைத்தான் வீழ்த்துகிறது.

இந்த வகைப் பூஞ்சை, அசோல் மருந்தைத் தொட்டே இராத நோயாளிகளிடமும் இருந்தது. அப்படியானால் எங்கே பழகியது? வயலில். பயிருக்கு அடிக்கும் டெபுகோனசோல், புரோபிகோனசோல், டைஃபெனோகோனசோல் எல்லாம் மருத்துவ அசோல்களின் பங்காளிகள். மூலக்கூறு வடிவமே கிட்டத்தட்ட அதுதான். நெல்லில் இலை உறைக் கருகலுக்கு நம் ஊரில் அடிக்கும் ஹெக்சகோனசோலும் அதே குடும்பம். (குலை நோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் பெயரில்தான் சொந்தம். அது வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு, அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) ஆஸ்பெர்ஜில்லஸ் பயிர் நோய்க்கிருமி அல்ல, மக்கும் இலைதழையில் வாழ்வது. யாரும் அதைக் குறிவைத்து அடிக்கவில்லை. ஆனால் மருந்து படிந்த கழிவு குப்பைமேட்டில் சூடேறி மக்கும்போது, அங்கே கோடிக்கணக்கில் பெருகும் பூஞ்சையில் எதிர்ப்பு உள்ளவை மட்டும் மிஞ்சுகின்றன. நெதர்லாந்தில் டியூலிப் கிழங்குக் கழிவுக் குவியல்கள் இப்படிப்பட்ட ஊற்றுக்கண் என்று கண்டார்கள். அங்கிருந்து அயர்லாந்துக்கு இறக்குமதியான கிழங்கிலும் எதிர்ப்புப் பூஞ்சை இருந்தது.

இந்தியாவிலும் இது புதிதல்ல. டெல்லியிலுள்ள வல்லபபாய் படேல் செஸ்ட் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நெல்வயல், தேயிலைத் தோட்டம், பூந்தொட்டி மண் ஆகியவற்றில் டிஆர்34/எல்98ஹெச் வகை கிடைத்தது. அவை எல்லாம் மரபணுவில் ஒரே அச்சாக இருந்தன. ஆங்காங்கே தனித்தனியாகத் தோன்றியவை அல்ல, ஒரே வம்சம் காற்றில் பரவியது என்பதற்கு அது வலுவான அறிகுறி. பூந்தொட்டி என்பதைக் கவனியுங்கள். கூண்டு இருக்கும் பால்கனியில் அது இல்லாத வீடு குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைகள் பட்டியலில் ஃபியூமிகேட்டஸ் மிகத் தீவிரப் பிரிவில் இருப்பதற்கு இந்த எதிர்ப்பும் ஒரு காரணம். நெதர்லாந்து மருத்துவமனைகளில் நடந்த, 2019-இல் வெளிவந்த ஆய்வில், மருந்துக்குக் கட்டுப்படும் பூஞ்சை தாக்கியவர்களில் 28 சதவீதம் பேர் 42 நாளுக்குள் இறந்தார்கள். எதிர்ப்புப் பூஞ்சை தாக்கியவர்களில் 49 சதவீதம்.

பறவைகளில் இது எவ்வளவு பரவலாக இருக்கிறது? இங்கிருந்து நிச்சயம் குறைகிறது. துபாயில் வல்லூறுகளின் சுவாசப்பாதையிலிருந்து எடுத்த பூஞ்சைகளைச் சோதித்து 2006-இல் எழுதினார்கள். வோரிகோனசோல் நன்றாக வேலை செய்தது; ஆம்போடெரிசினுக்கும் இட்ராகோனசோலுக்கும்தான் அசையாதவை இருந்தன. பெல்ஜியம் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பறவைகளிலிருந்து எடுத்த ஃபியூமிகேட்டஸில் ஒருசில இட்ராகோனசோலுக்கு எதிர்ப்பு காட்டின. கோழிப்பண்ணைகளில் தேடிய இடங்களில் பொதுவாகக் குறைவாகவே கிடைத்தது. பண்ணைக்காரர் யாரும் ஒரு குஞ்சுக்கு வோரிகோனசோல் வாங்கிக் கொடுக்கப்போவதில்லை, செலவு கட்டாது. ஈரமான உமியை மாற்றுவார், குஞ்சுப் பொரிப்பகத்தைப் புகைபோட்டுச் சுத்தம் செய்வார், அவ்வளவுதான். ஆக, பண்ணையில் எதிர்ப்பு வந்தால் அதுவும் பெரும்பாலும் தீவனம், கூளம் வழியாக வயலிலிருந்து வந்ததாகவே இருக்கும். நாமக்கல் பக்கம் 'ஆஸ்பெர்ஜில்லஸ்' என்றாலே மக்காச்சோளத்தில் வரும் அஃப்ளாடாக்சினை நினைப்பார்கள். அது பூஞ்சை சுரக்கும் நஞ்சு, இது பூஞ்சையே உடம்பில் வளர்வது. தீவனத்தில் நஞ்சைக் கட்டிப்போடச் சேர்க்கும் டாக்சின் பைண்டர் இதற்குப் பயன்படாது.

சரி, பறவையின் உடம்புக்குள்ளேயே சிகிச்சையின்போது எதிர்ப்பு உருவாக வழியே இல்லையா? இருக்கிறது. மனிதர்களில் பழைய காசநோய்க் குழிக்குள் பூஞ்சை உருண்டை வளர்ந்து, வருடக்கணக்கில் அசோல் சாப்பிடுபவர்களிடம் இது நடக்கிறது. அந்தக் குழியில் காற்று இருப்பதால் பூஞ்சை வித்து விடுகிறது. ஒவ்வொரு வித்தும் ஒரு புதுப் பிரதி, பிரதியில் பிழை நேர ஒரு வாய்ப்பு; அரைகுறை அளவில் மருந்து இருக்கும்போது பிழையுள்ளது பிழைத்துக்கொள்கிறது. பறவையின் காற்றுப்பையிலும் வித்து விடுகிறது என்று மேலே சொன்னேன். ஆகவே அங்கேயும் இது நடக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான், நான் கண்ணால் பார்த்து நிரூபித்த விஷயம் அல்ல. இதில் பத்து நாள் இடைவெளியைவிட, நான்கு மாதமும் போதாத அளவில் மருந்து ரத்தத்தில் இருந்ததுதான், அப்படி இருந்திருந்தால், பெரிய குற்றவாளி. மரபணுவைப் படித்தால் மூலத்தைப் பற்றி ஓரளவு சொல்லலாம். டிஆர்34, டிஆர்46 போன்றவை இருந்தால் வெளியிலிருந்து வந்தது. ஜி54, எம்220 போன்ற இடங்களில் தனி மாற்றம் மட்டும் இருந்தால், உடம்புக்குள் உருவானதாக இருக்கலாம்.

எதிர்ப்பா இல்லையா என்று எப்படித் தீர்மானிப்பது? மருந்தை மாற்றும் முன் கட்டியிலிருந்து சதைத்துணுக்கு எடுக்க வேண்டும். மூச்சுக்குழாயைத் துடைத்த பஞ்சில் பூஞ்சை வளர்ந்தால் அது காற்றில் வந்து ஒட்டியதாகவும் இருக்கலாம். கட்டியின் உள்ளிருந்து வளர்ந்தால்தான் நம்பலாம். பாதித் துணுக்கை ஃபார்மலினில் போடுங்கள், மறுபாதியைப் போடவே கூடாது, அது வளர்ப்புக்கு; ஃபார்மலினில் பூஞ்சை செத்துவிடும். இதைச் சொல்லக் காரணம், முழுத் துண்டையும் ஃபார்மலினில் போட்டு 'கல்ச்சர் செய்யவும்' என்று சீட்டு எழுதி அனுப்புபவர்கள் நிறைய. சபூரோ அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் முதலில் வெள்ளையாகவும் பிறகு புகை கலந்த நீலப்பச்சையாகவும் படரும். மைக்ரோஸ்கோப்பில் குடுவை போன்ற தலையின் மேல்பாதியில் மட்டும் வித்துச் சங்கிலிகள் ஒரே திசையில் நெட்டுக்குத்தாக நின்றால் ஃபியூமிகேட்டஸ் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 'பெரும்பாலும்' என்றது, அச்சில் அதைப்போலவே இருந்து மருந்துக்கு வேறு மாதிரி நடக்கும் லெண்டுலஸ் போன்ற மறைமுக இனங்கள் இருப்பதால்.

பிறகு எம்ஐசி சோதனை: எந்த அளவு மருந்தில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பது. எளிய முன்சோதனையும் உண்டு. நான்கு குழி உள்ள தட்டில் மூன்றில் மூன்று அசோல் மருந்து, நான்காவது வெறும் ஊடகம். மருந்துக் குழியில் வளர்ந்தால் சந்தேகம், முழுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒரே ஒரு காலனியை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதாது. ஒரே கட்டிக்குள் கட்டுப்படுவதும் கட்டுப்படாததும் கலந்திருக்கலாம், நான்கைந்து காலனிகளைத் தொட்டு எடுக்கச் சொல்லுங்கள். வரும் எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் சங்கடம். ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட், வோரிகோனசோலுக்கு லிட்டருக்கு 1 மி.கி.யைத் தாண்டினால் எதிர்ப்பு என்கிறது. அந்தக் கோடு மனித ரத்தத்தில் எட்டும் மருந்து அளவை வைத்துப் போட்டது. பறவைகளுக்கென்று அப்படி ஒரு கோடு கிடையாது. ஆகவே எண் 0.5 என்று வந்தாலும் உங்கள் கிளியின் ரத்தத்தில் மருந்து 0.2தான் இருக்கிறதென்றால் அது தோற்கும். எண் 8 என்று வந்தால் வாதமே வேண்டாம். இரண்டு எண்ணும், பூஞ்சையின் எம்ஐசியும் ரத்தத்தின் மருந்து அளவும், ஒரே நேரத்தில் கையில் இருந்தால்தான் 'ரெசிஸ்டன்ஸ்' என்ற சொல்லுக்கு அர்த்தம்.

எதிர்ப்பு உறுதியானால் வழி அடைந்துவிடாது, ஆனால் குறுகும். டிஆர்34 வகை என்றால் போசகோனசோல் உட்பட அசோல்கள் எல்லாவற்றிலும் நம்பிக்கை குறைந்துவிடும். அசோலிலிருந்து அசோலுக்குத் தாவுவதில் பயன் இராது. ஆம்போடெரிசின் வேறு வழியில் கொல்வதால் சிப்51ஏ மாற்றம் அதைத் தடுக்காது. வாய்வழி உறிஞ்சப்படாது என்பதால், ஆவியாக்கி மூச்சில் கொடுப்பார்கள். ரத்தம் எட்டாத காற்றுப்பைக்கு அது ஒருவகையில் நேர்வழியும்கூட. ஆனால் நெபுலைசரின் துளி 5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். பெரிய துளி மூக்கோடு நின்றுவிடும். சாதாரண ஆம்போடெரிசினை உப்புநீரில் கலக்கக் கூடாது, திரிந்துவிடும். ஊசிக்கான சுத்தநீரில் கலப்பார்கள். டெர்பினாஃபினைத் துணையாகச் சேர்ப்பவர்கள் உண்டு. அது எர்கோஸ்டெரால் பாதையில் வேறோர் இடத்தைத் தாக்குகிறது, பறவைகளில் பலன் சீராக இல்லை. இவற்றைவிட என் பார்வையில் முக்கியமானது கட்டியை எடுப்பது. எடுத்த பின் மிச்சத்தைத்தான் மருந்து பார்த்துக்கொள்ள முடியும். காலமும் ஆகும். நியூசிலாந்தின் வெனுவா ஹோ தீவில் 2019-இல் பறக்காத காகாபோ கிளிகளில் 21-க்கு இந்த நோய் வந்து 9 இறந்தன. பிழைத்தவற்றுக்கு, சிடி ஸ்கேன் வசதியோடு நாட்டின் சிறந்த மருத்துவர்கள் பார்த்தும், மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்பட்டது. உங்கள் நான்கு மாதம் அந்தக் கணக்கில் அசாதாரணமல்ல.

புது மருந்து வருகிறதே என்று யாராவது ஓலோரோஃபிம் பற்றிச் சொல்லலாம். அசோலோடு சம்பந்தமே இல்லாத இலக்கு, நல்ல செய்திதான். ஆனால் அதே இலக்கைத் தாக்கும் இப்ஃபுளூஃபெனோகுயின் என்ற பயிர் மருந்துக்கு அமெரிக்கா 2022-இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. அசோலில் நடந்தது மறுபடியும் நடக்க ஏற்பாடு தயார் என்று எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

கிளிக்கு இப்போதே செய்யக்கூடியவை சில. யாராவது வீக்கம் குறைய டெக்ஸாமெதாசோன் போடலாம் என்றால் மறுத்துவிடுங்கள். ஸ்டீராய்டு இந்த நோய்க்குக் கதவைத் திறந்துவிடும். சூரியகாந்தி விதையும் தோலோடு வேர்க்கடலையும் மட்டுமே தீனி என்றால் வைட்டமின் ஏ குறைந்து சுவாசப்பாதையின் உள்தோல் கெட்டிருக்கும். கடலை ஓட்டை உடைத்துப் பாருங்கள், உள்தோலில் பச்சையோ கருப்போ படிந்த ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தப் பையையே தூக்கி எறியுங்கள். கூண்டின் அடியில் தேங்காய் நார்த்தூள், மக்காச்சோளத் தக்கை போடாமல் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். ஏர் கூலருக்கு நேரே கூண்டு வேண்டாம். பூந்தொட்டிகளையும் உரத்தொட்டியையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக அப்பா. இந்த நோய் கிளியிலிருந்து மனிதனுக்கோ, கிளியிலிருந்து கிளிக்கோ தொற்றுவதில்லை. இருவரும் ஒரே காற்றிலிருந்து வித்தை இழுக்கிறார்கள், அவ்வளவுதான். சாதாரண உடல்நிலை உள்ளவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இதே பூஞ்சைக்கு ஒவ்வாமை ஏற்பட்டு ஏபிபிஏ என்ற நுரையீரல் நோயாகும், நம் நாட்டில் அது அரிதும் அல்ல. அதற்கு இட்ராகோனசோல் மாதக்கணக்கில் கொடுப்பார்கள். ஆகவே கூண்டைச் சுத்தம் செய்வது, இறகுத் தூசி தட்டுவது, தீனிப் பையைக் கொட்டுவது இந்த மூன்றையும் அப்பா செய்ய வேண்டாம். நீங்கள் முகக்கவசம் போட்டு, துணியை நனைத்துத் துடையுங்கள், உலர்வாகப் பெருக்காதீர்கள். அப்பாவுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஇ என்ற ஒவ்வாமை ரத்தப் பரிசோதனை ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று அவருடைய நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள். கிளியின் பூஞ்சை எதிர்ப்பு உள்ளது என்று முடிவு வந்தால் அந்த ஆய்வுக்கூட அறிக்கையின் நகலை அந்த மருத்துவருக்கும் கொடுங்கள். நாளைக்கு அப்பாவுக்கு அசோல் எழுத நேர்ந்தால், அந்த வீட்டுக் காற்றில் எது இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.